எட்டு சென்டிமீட்டர் ஏடுகள்

சென்ற மாதம் புத்தக அலமாரியைத் தட்டி அடுக்கிக்கொண்டிருந்தபோது, ஆய்வுக் குறிப்பேடு ஒன்றின் பின்னட்டைக்குள் மூன்று சிறு தகடுகள் அகப்பட்டன. உள்ளங்கைக்குள் அடங்கிவிடும் 8 சென்டிமீட்டர் தகடுகள். உறையின் மேல் என் கையெழுத்தில், மார்க்கர் பேனாவால், "ஒப்பாரி, பங்குனி 2007" என்றிருந்தது. மடிக்கணினியில் தகடு போடும் வாயே இல்லை. நண்பர் ஒருவரிடம் வெளியில் இணைக்கும் தட்டு இயக்கி ஒன்றை இரவல் வாங்கிப் போட்டுப் பார்த்தேன். வெற்றுத் தகடு என்று காட்டியது. ஆனால் அடிப்பக்கத்தை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால், எழுதப்பட்ட பகுதி தனி நிறத்தில், மரத்தின் ஆண்டு வளையம் போல், கண்ணுக்குத் தெரிகிறது. உள்ளே ஏதோ இருக்கிறது, படிக்கத்தான் முடியவில்லை.

இந்தத் தகடுகளின் கதையைச் சொல்லப் புகுந்தால் அது ஒரு மென்பொருளைத் தேர்ந்தெடுத்த கதையாகவும் ஆகிவிடுகிறது. இலக்கியப் பக்கத்தில் இதற்கென்ன வேலை என்று கேட்பவர்கள் சற்றுப் பொறுக்க வேண்டும்.

கரிசல் கிராமங்களுக்குள் வீடியோ முதலில் வந்தது படம் எடுப்பதற்காக அல்ல, படம் பார்ப்பதற்காக. 1982 ஆசிய விளையாட்டுப் போட்டிகளை ஒட்டி இந்தியாவில் வண்ணத் தொலைக்காட்சி வந்தது. அதற்குப் பின்னான சில ஆண்டுகளில், கோவில் கொடைக்கும் சடங்கு வீட்டுக்கும் 'டெக்கு' வாடகைக்கு எடுத்து ஓரிரவில் மூன்று படம் ஓட்டுவது எங்கள் பக்கம் ஒரு வழக்கமாயிற்று. அதே விஎச்எஸ் நாடாவில் கல்யாணங்களும் பதிவாகத் தொடங்கின. தொகுப்பது ஸ்டுடியோக்காரர் வேலை. இரண்டு டெக்குகளைப் பக்கத்தில் வைத்து, ஒன்றில் ஓட்டி மற்றொன்றில் பதிவு செய்வார். வேண்டாத இடம் வந்தால் நிறுத்தி, வேண்டிய இடத்தில் மீண்டும் தட்டுவார். அதற்கு 'மிக்ஸிங்' என்று பெயர். தாலி கட்டும் காட்சி இதய வடிவத்துக்குள் சுருங்குவதும், மணமக்கள் தாமரைக்குள்ளிருந்து எழுவதும் பிற்பாடு வந்த அலங்காரங்கள். எதை வைப்பது, எதை வெட்டுவது என்பதில் வீட்டாருக்குப் பங்கில்லை. "எங்க பெரியப்பா மொய் எழுதுறது வரலையே" என்ற குறையோடு அவர்கள் பங்கு முடிந்துவிடும்.

1995இல் மினி டிவி நாடா வந்தது. ஃபயர்வயர் கம்பி வழியாக அதைக் கணிப்பொறிக்குள் இறக்கலாம். வீட்டில் இருப்பவரே தொகுப்பாளர் ஆகும் வாய்ப்பு அப்போதுதான் பிறந்தது. ஆனால் ஒரு மணி நேரப் பதிவு ஏறத்தாழ 13 ஜிபி இடத்தைத் தின்றது. 40 ஜிபி வன்தட்டே பெரிதாயிருந்த காலம் அது. நாடாவை முன்னும் பின்னும் ஓட்டித் தேட வேண்டிய தொல்லை வேறு. இந்த இடத்தில்தான் தகட்டில் பதியும் கருவிகள் நுழைந்தன. ஹிடாச்சி நிறுவனம் 2000ஆம் ஆண்டில் டிவிடி ராம் தகட்டில் பதியும் கருவியை வெளியிட்டது. 2003இல் சோனி தன் ஹேண்டிகேம் வரிசையில் 8 சென்டிமீட்டர் டிவிடியைக் கொண்டுவந்தது. படம் எடு, தகட்டை உருவு, வரவேற்பறை டிவிடி பிளேயரில் போடு, பார். கணிப்பொறியே வேண்டாம் என்பதுதான் அதன் கவர்ச்சி.

அந்த வசதிக்குப் பின்னால் ஒரு கணக்கு இருந்தது. சிறு தகட்டின் கொள்ளளவு 1.4 ஜிபி. உயர்தரத்தில் எடுத்தால் 20 நிமிடம், நடுத்தரத்தில் 30, மட்டமான தரத்தில் 60. அவ்வளவு சிறிய இடத்துக்குள் அடைக்க வேண்டுமானால் படத்தை இறுக்கிச் சுருக்கியாக வேண்டும். எம்பெக்-2 என்னும் முறையில் அது சுருக்கப்பட்டது. இது எப்படி வேலை செய்கிறது என்பதை நாட்டார் பாடல் சேகரித்தவர்களுக்கு எளிதில் விளக்கிவிடலாம். களக் குறிப்பேட்டில் ஒரு கும்மிப் பாட்டை எழுதும்போது முதல் கண்ணியை முழுதாக எழுதுவோம். அடுத்த கண்ணியில் ஒரு சொல் மட்டும் மாறும். ஆகவே 'மேற்படி' என்று போட்டு, மாறும் சொல்லை மட்டும் குறித்துக்கொள்வோம். எம்பெக்-2 செய்வதும் இதையே. விநாடிக்கு 25 சட்டங்களில், ஏறத்தாழ அரை விநாடிக்கு ஒன்றுதான் முழுச் சட்டம். இடையில் வருபவை எல்லாம் 'மேற்படி'. முன்னும் பின்னும் உள்ளவற்றோடு ஒப்பிட்டு, வேறுபாட்டை மட்டும் சுமப்பவை.

பார்ப்பதற்கு இது போதும். வெட்டத் தொடங்கினால்தான் வினை. குறிப்பேட்டில் முதல் கண்ணி உள்ள பக்கத்தைக் கிழித்துவிட்டால் பின்வரும் 'மேற்படி'களுக்குப் பொருளேது? 'மேற்படி'யின் நடுவில் கத்தி வைத்தால் அந்தத் துண்டை விரித்து, முழுச் சட்டங்களாக்கி, மறுபடி சுருக்கியாக வேண்டும். நல்ல மென்பொருள் வெட்டுவாயில் உள்ள அரை விநாடியை மட்டும் இப்படிப் புதுக்கிவிட்டு மற்றதை உள்ளது உள்ளபடி படியெடுக்கும். மற்ற மென்பொருள்கள் படம் முழுவதையும் பிரித்து மீண்டும் சுருக்கும். ஒவ்வொரு சுருக்கலிலும் கொஞ்சம் போகும். முகத்தின் சுருக்கம் போகும், வெள்ளைச் சேலையின் மடிப்பு போகும். கட்டம் கட்டமாக ஏதோ மிதக்கும்.

ஏடு பெயர்த்தெழுதும் மரபை அறிந்தவர்களுக்கு இது பழக்கமான துயரம். ஒவ்வொரு படியிலும் ஒரு பிழை ஏறும். அடுத்தவர் அந்தப் பிழையோடு சேர்த்துப் பெயர்ப்பார். சாமிநாதையர் 1887இல் சீவகசிந்தாமணியைப் பதிப்பிப்பதற்கு முன் ஒரே நூலுக்குப் பல ஏடுகளைத் தேடி அலைந்ததன் காரணம் வேறென்ன?

2007க்கு வருகிறேன். அப்போது நான் முனைவர் பட்ட ஆய்வு மாணவன். நா. வானமாமலை 1964இல் வெளியிட்ட 'தமிழர் நாட்டுப்பாடல்கள்' தொகுப்பைக் கரைத்துக் குடித்திருந்த காலம். அவருக்கும் அவரோடு உழைத்தவர்களுக்கும் பேனாவும் நோட்டும்தான் கருவி. பாடியவரின் தொண்டை கம்மியது, கை அசைந்தது, நடுவில் மூக்கைச் சிந்தியது எதுவும் அச்சில் ஏறவில்லை. நமக்கு வீடியோ கிடைத்தால் அதையெல்லாம் பிடித்துவிடலாமே என்ற ஆசை. வளைகுடாவிலிருந்து விடுமுறைக்கு வந்த அத்தான் கையில் ஒரு டிவிடி கேமரா இருந்தது. "எடுத்துட்டுப் போங்க மாப்ள, நான் ஊருக்குக் கிளம்புறதுக்குள்ள குடுத்துருங்க" என்றார். கூடவே மறுபடி அழித்து எழுதும் தகடுகள் ஆறும், ஒருமுறை மட்டும் எழுதும் தகடுகள் மூன்றும் தந்தார். அந்தச் சிறு தகடு எங்கள் ஊர்க் கடைகளில் எளிதில் கிடைக்காது. கிடைத்தாலும் பெரிய தகட்டைவிட விலை கூடுதல்.

கோவில்பட்டிக்கும் விளாத்திகுளத்துக்கும் நடுவே உள்ள ஒரு கிராமத்தில், பருத்தி எடுப்பு முடிந்த நேரம், எழுபதைக் கடந்த பாட்டி ஒருவர் எங்களுக்காகப் பாடினார். வேப்ப மரத்தடி. காற்று மைக்கில் புரண்டு இரைந்தது. கரிசல் தூசி லென்ஸில் படிய, நான் துண்டால் துடைத்துக்கொண்டே இருந்தேன். பாட்டி பாடுவதைவிட அதிகமாகப் பேசினார். ஒரு வரியைப் பாடி நிறுத்துவார். "இதை எங்க ஆத்தா வேற மாதிரி சொல்லுவா" என்பார். கொஞ்சம் யோசிப்பார். பேரன் வந்து இடையில் ஐந்து ரூபாய் கேட்பான். மீண்டும் தொடங்குவார். ஒரு கட்டத்தில் கேமராவைக் கைகாட்டி, "வாத்தியாரய்யா, நான் அழுததையும் இதுல வச்சிருக்கீகளா?" என்று கேட்டார். வைத்திருக்கிறேன் பாட்டி என்றேன்.

இரண்டு நாளில் ஒன்பது தகடுகளும் நிறைந்தன. அழித்தெழுதும் ஆறு தகடுகளை அன்றன்றைக்கே கேமராவில் 'ஃபைனலைஸ்' செய்து கணிப்பொறியில் ஏற்றிக்கொண்டேன். 'ஃபைனலைஸ்' என்றால் நூலுக்குப் பொருளடக்கம் எழுதி முடிப்பது போல. அது இல்லாவிட்டால் எந்தப் பக்கத்தில் எது என்று வேறு கருவிக்குத் தெரியாது. மீதி மூன்றைப் பிறகு பார்க்கலாம் என்று விட்டேன். அத்தானுக்கு விடுமுறை முடிந்தது. கேமராவும் போயிற்று.

இனி மென்பொருள். விண்டோஸ் எக்ஸ்பியோடு வந்த மூவி மேக்கர் இலவசம். ஆனால் டிவிடியின் வாப் கோப்பு அதற்கு ஒத்துவராது, கேமரா பதிந்த டால்பி ஒலியும் அப்படியே. கேமராவோடு வந்த குறுந்தகட்டில் இருந்த மென்பொருள் துண்டுகளை வரிசைப்படுத்திப் புதுத் தகடு எழுதும், அவ்வளவே. அடோபியின் பிரீமியர் எலிமென்ட்ஸ் 2004இல் வெளிவந்திருந்தது. எங்கள் 256 எம்பி நினைவகம் அதைத் தாங்காது. பினாக்கிள் ஸ்டூடியோ பலரும் பாராட்டியது. அந்நிறுவனத்தை 2005இல் அவிட் வாங்கியிருந்தது. தைவானின் யூலீட் தயாரித்த வீடியோ ஸ்டூடியோவோ எங்கள் பக்கத்துக் கணிப்பொறி மையங்களில் எங்கும் இருந்தது. யூலீடை இன்டர்வீடியோ விழுங்க, 2006 இறுதியில் இன்டர்வீடியோவைக் கோரல் விழுங்கியது என்பதெல்லாம் பிற்பாடு தெரிந்துகொண்டவை. உண்மையைச் சொல்வதானால் நாங்கள் எதையும் தேர்ந்தெடுக்கவில்லை. கடைக்காரர் எதை ஏற்றிக் கொடுத்தாரோ அதுவே எங்கள் தேர்வு. உரிமம் பற்றி அவரும் பேசவில்லை, நாங்களும் கேட்கவில்லை.

தேர்வு என்று ஏதாவது இருந்ததென்றால் அது தமிழ் எழுத்தைப் பொறுத்தது. ஒரு தொகுப்பு மென்பொருளை எடைபோட நான் வைத்திருந்த முதல் சோதனை, தலைப்புப் பெட்டியில் 'கோவில்பட்டி' என்று அடிப்பது. ஒருங்குறியில் அடித்தால் கொம்பு ககரத்துக்குப் பின்னால் போய் விழும், கால் தனியே நிற்கும், புள்ளி எங்கோ மிதக்கும். இயங்குதளத்துக்குத் தமிழ் தெரிந்திருந்தும் அதைக் கேட்டுப் பெற இந்த மென்பொருள்கள் பலவற்றுக்குத் தெரியவில்லை. அதனால் எல்லாரும் பாமினி போன்ற பழைய எழுத்துருக்களுக்கே திரும்பினோம். அவற்றில் ஆங்கில எழுத்தின் இடத்தில் தமிழ் வடிவத்தை ஒட்டியிருப்பார்கள். கணிப்பொறிக்கு அது தமிழ் என்றே தெரியாது, ஆகவே பிழையும் செய்யாது. தமிழக அரசு ஒருங்குறியை ஏற்று ஆணையிட்டது 2010 ஜூனில், கோவைச் செம்மொழி மாநாட்டை ஒட்டி. கல்யாணப் பத்திரிகையும் கல்யாண வீடியோவும் அந்த ஆணையைப் பொருட்படுத்த மேலும் பல ஆண்டுகள் ஆயின.

ஆக, எழுத்து நேராக விழுந்த ஒரே காரணத்துக்காக யூலீடை ஏற்றுக்கொண்டேன். அதில் 'ஸ்மார்ட் ரெண்டர்' என்ற வசதி இருந்தது. மேலே சொன்ன, தொடாத பகுதியை அப்படியே படியெடுக்கும் முறை. நான் செய்த மடமை இரண்டு. பாட்டியின் முகம் இருட்டாக இருக்கிறதென்று படம் முழுவதற்கும் வெளிச்சம் கூட்டினேன்; அப்படிச் செய்தால் தொடாத பகுதி என்று ஒன்று மிஞ்சாது. இரண்டாவது, புதுத் திட்டம் தொடங்கும்போது மென்பொருள் அமெரிக்க முறையான என்டிஎஸ்சியை எடுத்துக்கொண்டதை நான் கவனிக்கவில்லை. நம்முடையது பால் முறை. 25 சட்டங்களை முப்பதாக இழுத்ததில் பாட்டி கையை வீசும்போதெல்லாம் படம் திக்கியது.

எல்லாவற்றையும்விடப் பெரியது மூன்றாவது. அதை மென்பொருளின் மேல் போட முடியாது. கால வரிசைக் கோட்டில் பாடல்கள் ஒலியலைகளாக மேலும் கீழும் துள்ளி நின்றன. பேச்சும் மௌனமும் தட்டையாகக் கிடந்தன. தட்டையானவற்றை வெட்டினேன். இருமலை வெட்டினேன். பேரன் ஐந்து ரூபாய் கேட்டதை வெட்டினேன். "எங்க ஆத்தா வேற மாதிரி சொல்லுவா" என்பதையும் அதையடுத்த யோசனையையும் வெட்டினேன். ஆய்வரங்கில் காட்ட வேண்டும், நீளம் கூடாது, பாடல் மட்டும் போதும் என்று நெறியாளர் சொல்லியிருந்தார்; நானும் அதையே நினைத்தேன். மூன்று மணி நேரம் 38 நிமிடமாயிற்று. இரண்டு பாடல்களுக்கு நடுவே பக்கம் புரள்வது போன்ற மாற்றம் ஒன்றைச் சேர்த்தேன். அப்போது அது அழகாகத்தான் தோன்றியது.

தொகுத்தபின் அந்த ஆறு தகடுகளையும் அத்தானிடம் கொடுத்தனுப்பினேன். அடுத்த பிறந்தநாள் விழாவுக்காக அவை அழிக்கப்பட்டன. அழித்தெழுதும் தகட்டின் விதி அது. கணிப்பொறியில் இருந்த மூலமும் இடம் போதாமல் நீக்கப்பட்டது. 2008இல் இன்னொரு கருத்தரங்குக்காகச் சில பகுதிகளை மாற்ற வேண்டி வந்தபோது கையில் இருந்தது தொகுத்து முடித்த தகடு ஒன்றே. அதையே மூலமாக எடுத்து வெட்டி, மறுபடி சுருக்கினேன். தமிழகத்தில் மின்வெட்டு அட்டவணை போட்டு வரத் தொடங்கிய ஆண்டு அது. எங்கள் பென்டியம் கணிப்பொறிக்கு அந்த வேலை நான்கைந்து மணி நேரம். யுபிஎஸ் பதினைந்து நிமிடம் தாங்கும். மூன்று இரவுகள் முக்கால்வாசியில் நின்று, நான்காம் இரவில் முடிந்தது. 2012இன் பிற்பகுதியில், சென்னைக்கு வெளியே ஒரு நாளில் 12 மணி நேரத்துக்கும் மேல் மின்சாரம் இல்லாதிருந்த மாதங்களில், இத்தகைய வேலை செய்தவர்கள் என்ன பாடு பட்டிருப்பார்கள் என்பதை நினைத்துப் பார்க்கலாம். முழுப்படத்தையும் புதுக்காமல் வெட்டும் மென்பொருள் அவர்களுக்கு நிமிடங்களில் வேலையை முடித்துக் கொடுத்திருக்கும். கட்டணமில்லாத அவிடிமக்ஸ் அப்போதே கிடைத்தது. முழுச் சட்டம் உள்ள இடத்தில் மட்டும் வெட்டினால் ஒரு துளியும் இழக்காமல் பிரித்துக் கொடுக்கும். பக்கம் புரளும் மாற்றமோ மின்னும் எழுத்தோ அதில் கிடையாது என்பதால் எங்களில் யாரும் அதைத் திரும்பிப் பார்க்கவில்லை.

தகட்டுக் கேமராக்களின் ஆயுள் குறுகியது. 2004இல் வன்தட்டுக் கேமராவும், 2006இல் ஏவிசிஎச்டி என்னும் உயர்தர முறையும், தொடர்ந்து விரல்நக அளவு நினைவக அட்டைகளும் வந்தன. பத்தாண்டுக்குள் தகடு சந்தையிலிருந்து ஒதுங்கிவிட்டது. சிறு தகட்டைத் தட்டு உள்ள இயக்கியில்தான் போடலாம். வாய்க்குள் இழுக்கும் இயக்கியில் போட்டால் சிக்கிக்கொள்ளும். இந்தச் சின்னக் குறிப்பையும் யாரும் பிற்காலத்துக்கென்று எழுதி வைக்கவில்லை. ஒருமுறை எழுதும் தகட்டின் சாயப்படலம் வெயிலிலும் வெக்கையிலும் மங்கும். கோவில்பட்டிச் சித்திரைக்கு அதைப் பற்றிச் சொல்லவா வேண்டும்?

பாட்டி 2011இல் காலமானார். அவருடைய ஒப்பாரிகளில் இன்று மிஞ்சியிருப்பது இருமுறை சுருக்கப்பட்ட, திக்கும், 38 நிமிடப் படி. அதில் அவர் முகம் வேண்டாத வெளிச்சத்தில் சுண்ணாம்பு பூசியது போலிருக்கிறது. பாடல் வரிகள் தெளிவாகக் கேட்கின்றன. அவற்றை என் ஆய்வேட்டின் பின்னிணைப்பிலும் காணலாம். அவர் தாய் வேறு மாதிரி சொன்ன வரி இல்லை. பாட்டியே தந்த பாடபேதத்தை, பாடபேதம் பற்றி ஒரு முழுத்தாள் படித்துத் தேர்வெழுதிய நான் வெட்டி எறிந்திருக்கிறேன். சாமிநாதையர் அடிக்குறிப்பில் எவ்வளவு பேதங்களைக் காப்பாற்றி வைத்தார் என்று வகுப்பில் சொல்லும்போதெல்லாம் இது என்னை உறுத்தும்.

அந்த மூன்று தகடுகளுக்குத் திரும்புகிறேன். கேமராவில் முடிக்கப்படாத தகட்டை இயங்குதளம் வெற்று என்றே சொல்லும் என்றாலும், பொருளடக்கத்தை நம்பாமல் தகட்டை வரிசையாகப் படித்து, உள்ளே கிடக்கும் படக் கோப்புகளை அடையாளம் கண்டு எடுக்கும் மென்பொருள்கள் உண்டு. ஐசோபஸ்டர் அவற்றில் ஒன்று. கல்லூரி ஆய்வகத்தில் பணியாற்றும் தம்பி ஒருவர் துணையோடு முயன்றேன். இந்தமுறை முதல் வேலையாக, எதையும் திறந்து பார்க்காமல், கிடைத்ததை முழுப் படியாக எடுத்து இரண்டு வன்தட்டுகளில் வைத்தோம். வெட்டுவது, வெளிச்சம் கூட்டுவது எல்லாம் அப்புறம். வெட்டத்தான் வேண்டுமா என்பதும் அப்புறம்.

முதல் தகட்டில் எதுவும் தேறவில்லை. அதன் ஓரம் முழுவதும் வெளுத்திருந்தது. இரண்டாவது முழுதாக வந்தது. ஆனால் அது ஊர்ப் பெண்களின் முளைப்பாரிக் கும்மி, பாட்டி அதில் ஓரமாக உட்கார்ந்து கைதட்டுகிறார். மூன்றாவது, உயர்தரத்தில் எடுத்தது, ஏறத்தாழ 20 நிமிடம். பதினேழாவது நிமிடத்தில் படிக்க முடியாமல் உறைகிறது. அதற்குச் சற்று முன்னால் பாட்டி பாடுவதை நிறுத்துகிறார். வேப்பம்பூ ஒன்று மடியில் விழுகிறது, தட்டிவிடுகிறார். "எங்க ஆத்தா இதை…" என்கிறார். யோசிக்கிறார். உதடு அசைகிறது. அங்கே படம் கட்டம் கட்டமாகச் சிதறுகிறது. ஒலி இன்னும் இரண்டு விநாடி ஓடி நிற்கிறது. அந்த இரண்டு விநாடியில் மூன்று சொற்கள் கேட்கின்றன. முதல் இரண்டை எழுதிவிட்டேன். மூன்றாவதைக் காற்று இரைச்சலுக்குள்ளிருந்து பிரித்துவிட முடியுமா என்று தம்பி பார்த்துக்கொண்டிருக்கிறார்.